ஸ்பீக்கருக்குள் சொன்ன செய்தி

தொண்ணூற்றொன்றில் சண்டையால் செங்கலடியில் கரண்ட் இல்லை. நல்லரத்தினம் தன் றேடியோ திருத்தும் கடையைப் பற்றரிகளை வைத்து நடத்திக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பகல் சீதேவிப்பிள்ளை கசற் றெக்கோடரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எழுத்துத் தெரியாதவள். கட்டாரில் வேலை செய்யும் மூத்த மகனுக்குக் கசற்றில் பேசித்தான் அனுப்புவாள்.

"பேசினா ஒண்டும் பதியுதில்ல தம்பி."

மைக் பழுதாகியிருந்தது. புதியது எடுப்பிக்க, மூடிக்கிடக்கும் பாதை திறக்கவேண்டும். நல்லரத்தினம் ஒரு பழைய றேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றி, அதன் வயர்களை மைக் துளையில் பொருத்தினார்.

"பாட்டுக் கேக்கிற சாமானுக்குள்ள எப்பிடிப் பேசிற?"

"பேசலாம் அக்கா. உங்கட சத்தத்துக்கு ஸ்பீக்கரில இருக்கிற இந்தக் கடதாசி அதிரும். அதில ஒட்டின கம்பிச்சுருள் காந்தத்துக்குள்ள ஆடும். ஆடினா அதில சின்னதா ஒரு வோல்ட்டேஜ் வரும். அதைத்தான் மிசின் நாடாவில பதியிது."

விரலால் கடதாசியைத் தட்டினார். றெக்கோடரில் சத்தத்தின் அளவு காட்டும் முள் துள்ளியது.

அவள் பேசினாள். வயல் விளைந்ததையும் கூரை ஒழுகுவதையும் சொன்னாள். பிறகு குரல் தணிந்தது. போட்டுக் கேட்டபோது, அந்த இடத்தில் வெறும் இரைச்சல்தான் இருந்தது.

அங்கே என்ன சொல்லியிருப்பாள் என்று நல்லரத்தினத்துக்குத் தெரியும். அவளுடைய இளைய மகன் வினாயகமூர்த்தி இராணுவத்தின் சுற்றிவளைப்பில் பிடிபட்டுப் பதினெட்டு நாள்.

"அக்கா, அந்த இடம் விழல்ல. கடதாசி அதிர அந்தச் சத்தம் காணாது. திரும்பச் சொல்லணும், கொஞ்சம் உரத்து."

அவள் வெளியே பார்த்தாள். சந்தியில் காவலரண்.

அவர் கதவுப் பலகைகளைச் சாத்தினார். அவள் ஸ்பீக்கரை மடியில் வைத்து, முந்தானையால் தலையை மூடி, கடதாசியில் வாயை அழுத்தினாள். அவருக்கு முள் மட்டுமே தெரிந்தது. ஒருமுறை சிவப்புக்கு ஏறி விழுந்தது. பிறகு வெகுநேரம் அடியிலேயே நடுங்கியது. அவர் நாடாவை நிறுத்தவில்லை. போட்டுக் கேட்கவும் இல்லை.

இரண்டு மாதத்தில் பதில் கசற் வந்தது. கடையில் வைத்துக் கேட்டார்கள்.

"அம்மா, நான் தம்பியத் தேட வாறன்."

சீதேவிப்பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்பீக்கரைக் கையில் எடுத்தாள். கதவு திறந்தே கிடந்தது.

"வராத மனே. ஒருத்தன நான் தேடுறன். ரெண்டு பேரத் தேட எனக்கு ஏலாது."

மூத்தவன் வரவில்லை. வினாயகமூர்த்தியும் வரவில்லை.