தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்து

ஆவடி டாங்கி பாக்டரியில் வேலை செய்கிறவர்களுக்கு நாலு வருஷத்துக்கு ஒருமுறை எல்.டி.சி. உண்டு. சர்க்கார் செலவில் குடும்பத்தோடு நாட்டின் எந்த மூலைக்கும் போய்வரலாம். முக்கால்வாசிப் பேர் காசி, டெல்லி என்று கிளம்புவார்கள். எங்கள் செக்‌ஷன் மணவாளன் மட்டும் தொண்ணூற்றிரண்டில் கப்பலேறி அந்தமான் போய்விட்டு வந்து, அப்புறம் ஒரு மாதம் கேண்டீனில் யாரையும் நிம்மதியாக டீ குடிக்க விடவில்லை. மறுவருஷம் தானும் கைக்காசில் கூட வருவதாகச் சொல்லி அவரே ஒரு கூட்டம் சேர்த்தார். நானும் என் அப்பா அம்மாவும் அதில் சேர்ந்துகொண்டோம்.

கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள் நான். மேனாம்பேட்டில் இருந்த நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போனபின், அப்பா கங்காதரனும் அம்மா பஞ்சவர்ணமும் என் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார்கள். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து தேறியிருந்த நேரம். அடுத்த எல்.டி.சி.க்கு மூன்று பேராகக் கிளம்புவோமா என்பது யாருக்குத் தெரியும்? அதனால் இந்தப் பயணத்தில் ஒரு சின்னக் குறைகூட இருக்கக் கூடாது, இரண்டு பேரையும் கீறல் படாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். என் பிடிவாதம் எப்படிப்பட்டது என்று செக்‌ஷனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கொஞ்சம் தள்ளி நின்று.

மெட்ராஸ் துறைமுகம் கண்ணிலிருந்து மறைந்த மறுநாள் காலை கடலின் நிறமே மாறிவிட்டது. மெரினாவில் பார்க்கிற கலங்கல் இல்லை. நாவல்பழக் கருநீலம். சுற்றிலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான். சின்னச் சின்ன மீன்கள் தண்ணீரிலிருந்து எழும்பி, கொஞ்ச தூரம் பறந்து, மறுபடி உள்ளே போயின. அப்பா கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியதுகூடத் தெரியாமல் நின்றார்.

"இவ்ளோ தண்ணிய இங்க வெச்சுகினு, நம்மள கொடத்த தூக்கிகினு லாரி பின்னால ஓட உட்டான் பாரு" என்றார். கடவுளைத்தான் சொன்னார். ஆனால் குரலில் கோபம் இல்லை.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "வடிவு, இந்தத் தண்ணியில எறங்க முடியுமா?"

"எறங்கறதா? எதுக்கும்மா?"

"எறங்கறதுக்குத்தான்."

நான் சிரித்துவிட்டேன். அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பது எங்கள் வீட்டில் ஊரறிந்த விஷயம். சின்ன வயதில் நான் ஏரிக்கரையில் கால் வைத்தால் போதும், துடைப்பத்தோடு ஓடிவருவாள். மெரினாவுக்குப் போனாலும் அலைக்கு எட்டாத மணலில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். கப்பலில் ஏற்றுவதற்கே அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று நான் ஒரு வாரம் யோசித்திருந்தேன். நான் கேட்டதும் சரி என்றுவிட்டாள்.

அன்று சாயங்காலம் மணவாளன் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, இறங்கினதும் எங்கெங்கே போகலாம் என்று சொன்னார். ஜெயில், மரம் அறுக்கிற மில், மியூசியம், மலை, பவளப்பாறை இருக்கிற தீவு. மற்றவர்கள் எது அழகு என்று கேட்டார்கள். நான் படி எத்தனை, உட்கார இடம் உண்டா, தண்ணீரில் கால் வைக்க வேண்டியிருக்குமா என்று கேட்டேன்.

"ஏம்மா, நீ சுத்திப் பாக்க வந்தியா, சோதனை போட வந்தியா?" என்றார் மணவாளன்.

"எங்கம்மா வழுக்கி உழுந்தா நீங்களா தூக்குவீங்க?" என்றேன். அவர் அத்தோடு வாயை மூடிக்கொண்டார். தீவைக் கழித்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் எங்களுக்கு எடுத்துக்கொண்டேன். தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்துப் பொறுக்கியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

போர்ட் பிளேரில் முதலில் ஜெயிலுக்குப் போனோம். ஒரு ஆள் கைகாலை நீட்டிப் படுக்கிற அறைகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையாக. அப்பா ஒரு அறைக்குள் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். கோயிலில்தான் அப்படிச் செய்வார். நான் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அம்மா மாடியில் நின்று, "அந்தாண்ட பளபளன்னு தெரியுதே, அதுக்கு எப்டிப் போறது?" என்று காவலாளியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்குத் தமிழ் தெரியாது. கடலைத்தான் கேட்டாள்.

மரமில்லில் பஸ் அகலத்துக்கு அடிமரங்கள் கிடந்தன. அம்மா அவற்றை விட்டுவிட்டு, மரங்களை மிதக்கப் போட்டிருந்த தண்ணீர் ஓரமாகப் போய் நின்றாள். நான்தான் முழங்கையைப் பிடித்து இழுத்துவந்தேன். மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பவளம் வெள்ளை வெளேரென்று எலும்பாக இருந்தது. "இது உசுரோட எப்டி இருக்கும்?" என்று கேட்டாள். "இதேதாம்மா" என்றேன். எனக்குத் தெரியாது.

கடைசி நாள் மற்றவர்கள் தீவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஜீப்பில் மலைக்குப் போவதாக ஏற்பாடு. அம்மா லாட்ஜ் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"நீயும் நைனாவும் போய்ட்டு வாங்க. நான் வரல."

"முட்டி வலிக்குதா?"

"முட்டி நல்லாத்தான் கீது. நீ கூட்டிகினு போற எடத்துலல்லாம் தண்ணிய தூர வெச்சே காட்ற. நாளைக்குக் கப்பல் ஏறணும். அதுக்கப்புறம் நான் எந்தக் கடலத் தேடிகினு போவேன்?"

அம்மா எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு புடவைகூட. அதனால் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது எனக்குக் கோபம் வரும், வந்தது. கத்தினேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, "தீவுக்கே போலாம், வடிவு" என்றார். மரத்தடியில் உட்கார வேண்டும், எழுந்திருக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். அப்பாவிடம்தான் வாங்கினேன். அம்மா செய்யவில்லை.

தீவுக்குப் பக்கத்தில் பெரிய படகை நிறுத்தி, அடியில் கண்ணாடி பதித்த சின்னப் படகுக்கு எங்களை மாற்றினார்கள். அம்மாவை இரண்டு பேர் பிடித்து இறக்க, நான் மேலேயிருந்து எல்லோரையும் திட்டிக்கொண்டே இறங்கினேன். பிறகு குனிந்து பார்த்தேன். திட்டு பாதியில் நின்றுவிட்டது.

கீழே ஒரு தோட்டம் இருந்தது. ஊதா, மஞ்சள், பாசிப்பச்சை. விரல் விரலாக, விசிறி விசிறியாக. அதற்குள் மீன்கள் ஒரு கூட்டமாக வந்து, ஒரே நேரத்தில் திரும்பி, ஒரே நேரத்தில் போயின. யாருக்காக இவ்வளவும்? பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில், எத்தனை காலமாக இதெல்லாம் இப்படியே நடந்துகொண்டிருக்கிறது? அப்பா ரெண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"கண்ணாடி போட்டு மூடிகினு காட்றானுங்க" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

கரையில் அவளை மரத்தடியில் உட்காரவைத்து, அப்பாவைக் காவலுக்கு வைத்துவிட்டு, படகில் விட்ட சாப்பாட்டுப் பையை எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் அப்பா மட்டும் இருந்தார். மடியில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி.

அம்மா தண்ணீரில் இடுப்பளவு ஆழத்தில் போய்க்கொண்டிருந்தாள். புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தாள். நான் போட்ட கூச்சலில் படகுக்காரர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். அதற்குள் அம்மாவின் தலை உள்ளே போய்விட்டது. கையிலிருந்த பையை எங்கே போட்டேன் என்று தெரியாது.

"கத்தாத" என்றார் அப்பா. "அங்க பாரு."

நான் பார்த்த இடத்தில் இல்லை, வெகுதூரம் தள்ளி எழும்பினாள். முகத்தை வழித்துவிட்டு மூச்சை இழுத்தாள். பிறகு கையை வீசி நீந்த ஆரம்பித்தாள். அவசரமே இல்லை. படியேற என் தோளைப் பிடிக்கிற என் அம்மா, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிற என் அம்மா, நேராக, சத்தமில்லாமல் போனாள். தண்ணீர் அவளுக்கு வழிவிட்டது. படகுக்காரர்கள் ஓடுவதை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இத்தனை வருஷம் ஒரே கூரைக்கடியில் இருந்திருக்கிறேன், இந்தப் பெண்பிள்ளையை நான் பார்த்ததே இல்லை.

"உனக்குத் தெரியுமா, நைனா?"

"தெரியாம? தாலி கட்ற அன்னிக்குக் காலையில கூட ஏரியிலதான் கெடந்தா. எங்கம்மா கரையில நின்னு கத்தோ கத்துன்னு கத்திச்சு. மருமவளா வந்தப்புறம் எறங்கக்கூடாதுன்னுட்டாங்க. இவளும் எறங்கல."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ யாரையாச்சும் பேச உட்டியா?"

அம்மா திரும்பி வந்து, நெஞ்சளவு தண்ணீரில் நின்றாள். நான் புடவையோடு ஓடிப்போய் முழங்கால் ஆழத்தில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் எனக்குக் கால் வரவில்லை.

"உனக்குத் தண்ணின்னா பயம்னுதானேம்மா நெனச்சேன்! என்னை ஏரிப்பக்கமே உடமாட்டியே!"

"அது செங்கச் சூளைக்காரன் மண்ணெடுத்த ஏரிடி. எந்தப் பள்ளம் எவ்ளோ ஆழம்னு எனக்கே தெரியாது. அதுல உன்ன உடுவனா? பயம் உனக்காகத்தான். எனக்கு இன்னா பயம்?"

அவள் கண்கள் உப்பில் சிவந்திருந்தன. முகத்தில் சின்னப் பெண்ணின் சிரிப்பு. "இங்க அடி வரைக்கும் தெரியுது, வடிவு. உசுரோட கீது எல்லாம். உள்ள வா, காட்றேன்."

"எனக்கு நீஞ்சத் தெரியாதும்மா."

"அது எனக்குத் தெரியாதா? உனக்கு நான்தானே சொல்லித் தரல." கையை நீட்டினாள்.

பிடித்துக்கொண்டேன். ஓரடி வைத்தேன், இன்னொன்று வைத்தேன். தண்ணீர் இடுப்புக்கு வந்து, மாருக்கு வந்தது. காலுக்கடியில் மணல் நழுவியது. அவள் என் முதுகுக்கடியில் கையைக் கொடுத்து மல்லாக்கச் சாய்த்தாள். மேலே வானம் மட்டும் இருந்தது. காதுக்குள் கடல்.

"உடாதம்மா" என்றேன்.

"உடல" என்றாள். இழுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போனாள்.