மேடம் உட்கார்ந்த மூட்டை

பதிமூன்றாம் காம்பவுண்டில் ஜஹாங்கீர் பாயின் பட்டறையை அன்று பார்த்தவர்கள் கல்யாண வீடு என்றுதான் நினைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் அரைக்கும் மெஷினைத் துடைத்து, ஒட்டடை அடித்து, தரையில் தேங்கிய மழைத் தண்ணீரை வாரி ஊற்றி, காலை ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்திருந்தது. பதினெட்டு வருஷமாக அங்கே பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் பொன்செல்விக்கு முதுகு விட்டுப்போயிற்று.

காரணம் இருந்தது. சாமான் விற்கிற கம்பெனிகள் அதைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் உறைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதனால் பெரிய ஆலைகள் இனி சரிபார்த்த பட்டறைகளிடம்தான் அரைத்த மால் வாங்குமாம். சரிபார்க்க இன்று வருகிற மேடம் சரி என்று எழுதினால் பட்டறை நிற்கும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பூட்டுதான். ஐம்பது வயதில் பொன்செல்வியை வேறு யார் வேலைக்குக் கூப்பிடப் போகிறார்கள்?

"ஏட்டி ஷமீமா, சிப்ஸ் பாக்கெட்டு மூட்டையெல்லாம் குப்பக் காடியில ஏத்தியாச்சா?"

"பன்னெண்டும் போயிட்டுக்கா. கச்சரா வண்டிக்காரன் மூக்கப் பிடிச்சிட்டே ஏத்துனான். அவன் என்னமோ தெனமும் அத்தர்ல குளிக்கவன் மாதிரி."

சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகள் உள்ளே வெள்ளியாய்ப் பளபளக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிய தாள். பிரிக்க முடியாது, விலையும் போகாது. மேடம் கண்ணில் பட்டால் பட்டறையின் மானம் போகும் என்று, அவற்றை அனுப்பச் சொன்னதே பொன்செல்விதான்.

ஏழு மூட்டைகளை மட்டும் விட்டுவைத்தாள். அவை ஏழு பெண்களும் உட்கார்ந்து வேலை பார்க்கிற மூட்டைகள். மழைக்காலத்தில் தரை ஊறும். அந்தப் பாக்கெட்டுகளை அடைத்த கோணியில் ஈரம் ஏறாது, மெத்தை மாதிரியும் இருக்கும். பட்டறையில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியும் முந்தின நாள் கால் ஒடிந்துபோனதால், பொன்செல்வி தன் மூட்டைமேலேயே புதுப் போர்வையை விரித்து மேடத்துக்கு வைத்தாள்.

சந்திரலேகா மேடம் பக்கத்து மாட்டுங்காவிலேயே இருக்கிற தமிழர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சகதியில் நடந்து வந்தார். உட்கார்ந்தபோது மூட்டை சரசரத்தது. அவர் கவனிக்கவில்லை.

"இந்தச் சட்டத்தைப் பத்தி என்ன நினைக்கறீங்க பாய்?"

"நல்லதுதான் மேடம். ஆனா எங்க வாப்பா காலத்துலேருந்து சட்டம் இல்லாமலே சேத்துட்டுத்தான் இருக்கோம். இப்ப அதுக்குக் காகிதம் கேக்கிய. கொஞ்சம் மூச்சு முட்டுது."

மேடம் சிரித்தார். "கம்பெனிக்காரங்களும் அதையேதான் சொல்றாங்க. பாட்டில் எங்கேயும் கிடைக்கும். சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் யாராலயும் திரும்பச் சேர்க்க முடியாது, சட்டத்தைத் தளர்த்துங்கன்னு மீட்டிங்குக்கு மீட்டிங் கேக்கறாங்க. முடியும்னு காட்டத்தான் ஆள் தேடறேன். உங்ககிட்ட அது வருமா?"

"சேச்சே. அந்தக் கச்சராவ வாசப்படி ஏத்த மாட்டோம்," என்றார் பாய், பெருமையாக.

மேடத்தின் பேனா நின்றது. "பாட்டில் மட்டும்னா எங்களுக்கு ஏற்கெனவே ஆள் இருக்காங்க பாய்," என்று ஃபைலை மூடினார்.

விருந்தாளி முன்னால் பாயின் பேச்சைப் பொன்செல்வி ஒருநாளும் மறித்ததில்லை. படித்த பெண்ணிடம், உங்களைக் குப்பைமேல் உட்கார வைத்திருக்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது? ஃபைல் பைக்குள் போகப் பார்த்தது.

"மேடம், கோவிச்சுக்கிடாதிய. பாய் மானத்துக்குப் பயந்து சொல்லுதாரு. பன்னெண்டு மூட்டைய இன்னிக்குக் காலைலதான் நான் தள்ளிவிட்டேன். இன்னும் ஏழு இருக்கு."

"எங்கே?"

"ஒண்ணுலதான் நீங்க உக்காந்திருக்கிய."

ஷமீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் மெதுவாக எழுந்து, போர்வையை விலக்கி, மூட்டையை அவிழ்த்தார். கை நிறைய அள்ளி முகர்ந்தும் பார்த்தார்.

"இதையெல்லாம் கழுவியிருக்கீங்களா?"

"உக்காருதோம்லா மேடம். கழுவிக் காயப்போடலன்னா எறும்பு கடிச்சுப் பிடுங்கிரும்."

"இவ்வளவு சுத்தமா நான் எங்கேயும் பாத்ததில்லை," என்றார் மேடம். "இதை அழுத்திப் பலகை செய்யற ஆலை ஒண்ணு இருக்கு. அழுக்கா வருதுன்னுதான் வாங்க மாட்டேங்கறாங்க." ஃபைலைத் திறந்து நின்றபடியே எழுதினார். கழுவுகிறவர்கள் யார் யார் என்று கேட்டு, ஏழு பேரின் பெயரையும் அதில் சேர்த்தார். "உங்க பட்டறைக்குச் சரின்னே எழுதியிருக்கேன் பாய். இந்த மூட்டையை மட்டும் எடுத்துட்டுப் போகட்டுமா? அடுத்த மீட்டிங்ல மேஜைமேல வைக்கணும்."

டாக்சியில் அவர் பக்கத்திலேயே மூட்டையும் ஏறிப் போயிற்று.

பாய் குடையைக்கூட எடுக்காமல் வெளியே போனார். அரைமணி நேரம் கழித்து நனைந்துகொண்டே வந்தவர் தலையில் ஒரு மர ஸ்டூல் இருந்தது. அதைப் பொன்செல்வியின் இடத்தில் இறக்கி, கால் ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தார்.

"உக்காரு தாயீ. ஒன் எடத்தத்தான் அவுக கொண்டுபோயிட்டாகளே."

பொன்செல்வி உட்கார்ந்தாள். ஃபைலை மறுபடி திறந்த அந்த மேடம் நன்றாக இருக்கட்டும், மழையில் நனைந்து வந்த இந்த மனுஷனும் நன்றாக இருக்கட்டும் என்று மனம் சொல்லிக்கொண்டது. கண் கலங்கியதை மறைக்க அடுத்த மூட்டையை இழுத்தாள்.

"யக்கா," என்றாள் ஷமீமா, "சரசரன்னு சத்தமே இல்லையே. நீ உக்காந்த மாதிரியே இல்ல."