ஜம்புநாதனின் யப்பான் உருண்டை

முதல் ஈடு கருகிவிட்டது. சிவகௌரி குழிச்சட்டியிலிருந்து ஒவ்வோர் உருண்டையையும் கோணூசியால் கிளப்பிக் குப்பைக் கூடைக்குள் தட்டினாள்.

"நெருப்பைக் குறையுங்கோ அம்மா," என்றாள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மகள் ஆரணி. "அப்பா குறைச்சு வச்சுத்தான் சுடுறவர்."

"எனக்குத் தெரியும்."

முன்னறையில் சிவகௌரியின் கணவர் ஜம்புநாதனின் படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, தலைவாழையிலை விரித்திருந்தார்கள். நேற்றுத்தான் அவரை எரித்தது. எட்டாம் நாள் படையலான எட்டுச்செலவை மறுநாளே வைத்துவிட்டால் சட்டனிலும் செவன் கிங்ஸிலும் இருந்து வந்தவர்கள் இன்னொரு முறை லீவு கேட்கத் தேவையில்லை. செத்த வீடுகூட ஷிப்ட் பார்த்து நடக்கிற ஊர் லண்டன். செத்தவர் விரும்பித் தின்றதையெல்லாம் அன்றைக்கு இலையில் படைக்க வேண்டும். ஆட்டுக்கறி, நண்டுக் குழம்பு, மீன் பொரியல், விஸ்கி எல்லாம் வந்தாயிற்று. மிச்சம் அவருடைய யப்பான் உருண்டைதான். அதைச் சுட அவளை விட்டால் ஆளில்லை.

ஜேர்மனியில் யப்பான்காரர் ஒருவரின் கடையில் கோப்பை கழுவப் போன இடத்தில் தாக்கோயாக்கி சுடப் பழகியவர் ஜம்புநாதன். மாக்கரைசலைக் குழிகளில் ஊற்றி, நடுவே எட்டுக்கால் பேய்க்கணவாய்த் துண்டொன்றை வைத்து, சுழற்றிச் சுழற்றி உருண்டையாக்குவது. லண்டனுக்கு வந்ததும் மனுசன் அதன் குலம் கோத்திரத்தையே மாற்றிவிட்டார். மாவுக்குத் தேங்காய்ப்பால். உள்ளே உறைப்பான கணவாய்ப் பிரட்டல். இனிப்புச் சோஸ் இருந்த இடத்தில் புளிவிட்ட இடிச்ச சம்பல், மேலே மீன்சீவலுக்குப் பதிலாக மாசிக் கருவாட்டுத் தூள். ஒருமுறை கத்தரிக்காய்ப் பொரியலை வைத்துப் பார்த்துவிட்டுத் தானே துப்பினார். சனிக்கிழமைகளில் டூட்டிங் சந்தையில் கடை போட்டால் மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். உருண்டை கொஞ்சம் கோணினாலும் விற்கமாட்டார், குப்பைதான். அதற்காக அவர் மேல் எத்தனையோ நாள் சிவகௌரி எரிந்து விழுந்திருக்கிறாள்.

குசினி வாசலில் மச்சாள் சுசிலா வந்து நின்றாள். ஜம்புநாதனின் அக்கா. அழுதழுது முகம் வீங்கியிருந்தது, வாய் மட்டும் களைக்கவில்லை.

"நிறையச் சுடும் கௌரி. ஆஸ்பத்திரியால வந்த நாள் தொட்டு அந்தப் பசையைத்தானே என்ர தம்பிக்குத் தீத்தினனீர். வாய்க்கு ருசியா ஒரு துண்டு திண்டு சாகேல்லை அவன். கல்லு மனம் உமக்கு."

"டொக்டர்தான் மாமி அப்பிடிச் சொன்னவர்," என்றாள் ஆரணி.

சிவகௌரி இரண்டாம் ஈட்டுக்கு எண்ணெய் பூசினாள்.

பக்கவாதம் அடித்த பிறகு அவருடைய தொண்டை பாதி வேலைதான் செய்தது. எதையும் கூழாக அரைத்து, தகரப் பேணியில் வரும் தடிப்பாக்கும் தூளைக் கலந்து, கரண்டியால் கொடுக்க வேண்டும். தண்ணீரும் அப்படித்தான். கட்டியாக எது போனாலும் சுவாசப்பைக்குள் இறங்கிவிடும் என்று தாதி படம் கீறிக் காட்டியிருந்தாள். சிவகௌரி சொல் பிசகாமல் நடந்தாள். அவரோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். பேச்சும் போய்விட்டது. ஆரணி வேலைக்குப் போயிருந்த ஒரு பின்னேரம், இன்னும் அசைகிற கையால் குசினிப் பக்கம் காட்டி, விரலைச் சுழற்றினார். விடாமல் சுழற்றிக்கொண்டேயிருந்தார்.

அவள் சுட்டாள். கணவாயைப் பொடியாகத்தான் நறுக்கினாள். ஓர் உருண்டை, அதிலும் பாதி. மென்றார், விழுங்கினார், ஒரு பக்க வாயால் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பொழுது படுவதற்குள் இருமல் தொடங்கிற்று. அறைக்கு வெளியே நின்று அதைக் கேட்டபடி, இப்போது நின்றுவிடும், இப்போது நின்றுவிடும் என்று காத்திருந்தாள். அம்புலன்ஸ் வந்தபோது அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. ஏதாவது சாப்பிடக் கொடுத்தீர்களா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றாள். இரண்டு மூன்று நாளில் போய்விட்டார். தான்தான் அவரைக் கொன்றது என்பதில் சிவகௌரிக்குச் சந்தேகமே இல்லை. அதைச் சொல்லி அழ அவளுக்கு ஒருவருமில்லை.

இரண்டாம் ஈடு பொன்னிறமாக, ஒன்றுகூடக் கோணாமல் வந்தது.

"அப்பா சுட்ட மாதிரியே இருக்கு," ஆரணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிவகௌரி உருண்டைகளைப் பீங்கான் கோப்பையில் போட்டுக் கரண்டியால் நசிக்கத் தொடங்கினாள். கணவாய்த் துண்டுகளைத் தேடித்தேடி மசித்தாள். வெந்நீர் விட்டாள். அலுமாரிக்குள் மிஞ்சியிருந்த பேணியைத் திறந்து தூளைப் போட்டுக் கட்டியில்லாமல் அடித்தாள்.

"அம்மா, என்ன செய்யிறீங்கள்? கோணினாலே அப்பா எறியிறவர்!"

அவள் கோப்பையைக் கொண்டுபோய், நண்டுக் குழம்புக்குப் பக்கத்தில், படத்துக்கு நேரே வைத்தாள். கரண்டியையும் வைத்தாள்.

"இதென்ன கோதாரி?" சுசிலா கத்தினாள். "இண்டைக்குமோ இந்தப் பசை?"

"அவருக்கு விழுங்க ஏலாது மச்சாள்."

"செத்தவனுக்கு என்னடி தொண்டை?"

"விடு சுசிலா," என்றார் ஜம்புநாதனின் மூத்த அண்ணன் இராசரத்தினம். "அவள் வைக்கட்டும்."

செத்தவர் வந்து சாப்பிடும் நேரம் என்று எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். ஒடுங்கிய நடைக்கூடத்தில், சப்பாத்துக் குவியலுக்கு நடுவே, ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். சிவகௌரி மட்டும் கதவில் காதை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் போனதும் இராசரத்தினம் செருமிக்கொண்டு கதவுப்பிடியில் கையை வைத்தார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறுங்கோ அத்தான்," என்றாள் மெல்ல. "அவர் இன்னும் இருமேல்லை."