மிதித்த நிலம்

மழை விட்டு ஒன்பது நாளாகியும் வயலில் தண்ணீர் இறங்கவில்லை. நடுவில் நட்டிருந்த சவுக்குக் குச்சியில் அரிவாளால் கீறி வைத்த அடையாளத்துக்குக் கீழே அரை விரற்கடை காய்ந்திருந்தது. அதுவும் வெயில் குடித்ததுதான், மண் குடித்ததல்ல. தெய்வநாயகி வரப்பில் குந்தி அந்தக் குச்சியைப் பார்த்தாள். காலையில் ஒரு தடவை, வெயில் ஏறியதும் ஒரு தடவை, விளக்கு வைக்கும் முன் ஒரு தடவை என்று பார்ப்பது பழகிப்போயிருந்தது. பார்த்து வருத்தப்பட்டாளா என்று கேட்டால், இல்லை. பார்க்க வேண்டும், பார்த்தாள். மூன்று மாதமாக எல்லாமே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

தை பிறப்பதற்குள் இந்த எழுபது சென்ட்டில் உப்பு அடியில் இறங்கி நாற்று வேர் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நிலம் உப்பளமாகிவிடும். பட்டா புருஷனின் அண்ணன், மூத்தார் சடையப்பன் பேரில் இருந்தது. கெட்ட மனுஷர் என்று அவரைச் சொல்ல முடியாது. தம்பி பக்கிரியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வாசலில் நின்றபடியே சொன்னார்.

"இந்தாம்மா, இத்த வெச்சிக்கினு ஒண்டியா நீ என்னா பண்ணுவ? தை வரைக்கும் பாரு. நாத்து புடிச்சா நீயே வெச்சிக்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். புடிக்கலன்னா தேவநாதன் மொதலாளிக்கு அளத்துக்கு உட்டுடலாம். அவருகிட்ட சொல்லி வெச்சிட்டேன்."

"சரிங்க மாமா" என்றாள். அன்றைக்கு அவளிடம் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன் அடித்த புயலில் கழுவெளி உப்பங்கழியின் கரை உடைந்து, கடல் தண்ணீர் வயலில் ஒரு மாதம் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் மண் வெள்ளை பூத்து, மண்வெட்டி போட்டால் கை அதிரும்படி இறுகிக் கிடந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் தலை முழுகிவிட்டு, அதுவரை கோடையில் மட்டும் போய்வந்த உப்பளக் கூலியையே நம்பிப் போனார்கள். பக்கிரியும் போனான், தெய்வநாயகியும் போனாள். ஆனால் பக்கிரிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அளத்தில் எட்டு மணி நேரம் வெயிலில் கருகி வந்த உடம்போடு உடைந்த கரையில் போய் நிற்பான். பனை மட்டையை நெருக்கமாக அடித்து, தென்னங்கீற்றை அதில் பின்னி, உள்ளே களிமண்ணைக் கொட்டி, மேலே தாழையை வைத்தான். "கரைக்கு ஜடை பின்னி பூ வெக்கிறான்டா" என்று ஊர் சிரித்தது. அடுத்த வருஷ வெள்ளத்தில் கரை அசையவில்லை. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பாராட்டவெல்லாம் இல்லை.

கரை நின்றதும் மண்ணைப் பிடித்துக்கொண்டான். கிராம சேவக் அரசப்பன் சைக்கிளில் வந்து ஜிப்சம் போட்டால் உப்பு மண் திருந்தும் என்று சொல்லிவிட்டு, அது எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் சொல்லாமல் போனார். பக்கிரி அதையே நினைத்துக்கொண்டிருந்தான். உப்பளத்தில் உப்பு விளைவதற்கு முன்னால், தண்ணீர் கெட்டிப்படும் பெரிய பாத்தியின் அடியில் வெள்ளையாக ஓர் ஏடு கட்டும். உப்போடு கலந்தால் உப்பு கெட்டது என்று அதைச் சுரண்டிக் கரையில் எறிந்துவிடுவார்கள். அதில் ஒரு கட்டியைத் துண்டில் முடிந்துகொண்டு போய் அரசப்பனிடம் காட்டினான். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்து, நகத்தால் கீறிப் பார்த்து, "ஏம்பா, இதாம்பா அது" என்றார். இரண்டு மாதம் கூடை கூடையாகச் சுமந்தார்கள். புருஷன் உலக்கை போட, பெண்டாட்டி சலித்தாள். வீட்டுக்குள் சோற்றில்கூட வெள்ளைத் தூள் படிந்தது. தெய்வநாயகி திட்டிக்கொண்டேதான் சலித்தாள்.

தூளை மேலே தூவினால் மட்டும் போதாது, அது உள்ளே இறங்க வேண்டும், அதன் பின்னால் மழைத்தண்ணீரும் இறங்க வேண்டும் என்பது பக்கிரியின் கணக்கு. அதற்கு ஓர் உருளை செய்தான். பனந்துண்டு ஒன்றை எடுத்து, கால்வாயோரம் மக்கிக் கிடந்த பழைய உப்புத் தோணியிலிருந்து விரல் நீள ஆணிகளைப் பிடுங்கி வந்து, சுற்றிலும் முனை வெளியே நிற்கத் தலைகீழாகப் பதித்தான். இழுத்துக்கொண்டு போனால் மண்ணில் வரிசையாகத் துளை விழும். ஊர் அதற்கு முள்ளம்பன்னி என்று பேர் வைத்தது. ஒரு நாள் சாயங்காலம் கால் கழுவும்போதுதான் பக்கிரி தன் குதிகாலில் ஆணி ஒன்று முழுசாக ஏறியிருந்ததைக் கண்டான். எப்போது ஏறியது என்று அவனுக்கே தெரியவில்லை. உப்பில் ஊறி ஊறி அளத்துக்காரர்களின் உள்ளங்கால் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும், முள் குத்தினாலும் சேதி மேலே வராது. பிடுங்கி எறிந்துவிட்டு மஞ்சள் வைத்துக் கட்டினான். எட்டாம் நாள் தாடை பூட்டிக்கொண்டது. பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் ஆவணியில் போய்ச் சேர்ந்தான். வயது முப்பத்தொன்பது.

தெய்வநாயகி அழவில்லை. ஊருக்கு அது பெரிய குறையாக இருந்தது. அளத்தில் பாத்தி மிதிக்கும் செட்டுக்குத் தலைவி கமலாம்பாள். அவள் கட்டிக்கொண்டு அழுது பார்த்தாள், உலுக்கிப் பார்த்தாள், கடைசியில் பக்கிரியை வாய்க்கு வந்தபடி ஏசியும் பார்த்தாள். "உன்ன உட்டுட்டு முள்ளம்பன்னிய கட்டிக்கினு போனானே பாவி" என்றாள். அதற்கும் கண்ணில் ஈரம் இல்லை. தெய்வநாயகிக்குமே அது புதிராக இருந்தது. நெஞ்சில் துக்கம் இருக்கும் இடம் தெரிந்தது, ஆனால் தொட்டால் ஒன்றும் உறைக்கவில்லை.

புரட்டாசிக் கடைசியில் முதல் மழை பெய்து மண் லேசாகப் பதப்பட்டது. பக்கிரி காத்திருந்த பதம் அதுதான். மறுநாள் காலையில் அவள் தூளைக் கூடையில் எடுத்துக்கொண்டு இறங்கியபோது, கமலாம்பாளும் செட்டுப் பெண்கள் எட்டுப் பேரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நின்றார்கள். மழைக்காலத்தில் அளம் மூடிக்கிடக்கும். ஆனாலும் வேலையில்லாததால் வந்தவர்கள் இல்லை. "பக்கிரி வேலைடி இது, அரையுங்கொறையுமா உட முடியுமா?" என்றாள் கமலாம்பாள். தெய்வநாயகி தூவிக்கொண்டு முன்னால் போனாள். இரண்டு பேர் உருளையை இழுத்தார்கள். மற்றவர்கள் தோளில் தோளாகக் கை போட்டு வரிசை கட்டி, அதன் பின்னாலேயே குதிகாலை ஊன்றி ஊன்றி மிதித்துக்கொண்டு வந்தார்கள். தூவி முடித்ததும் தெய்வநாயகியும் வரிசையில் சேர்ந்துகொண்டாள். இரண்டு பக்கமும் தோள்கள் இருந்தன, கால் தன் பாட்டுக்கு எழும்பி இறங்கியது. பொழுது சாய்வதற்குள் எழுபது சென்ட்டும் முடிந்தது. ஒரு தடம், ஒரு மேடு இல்லாமல் தரை பளபளவென்று கிடந்தது. கமலாம்பாள் திரும்பிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை வயலை நிரப்பியது. வடிகாலுக்கு வெட்டி வைத்த பள்ளத்தில் உப்புத் தண்ணீர் கசிந்து வரும் என்று பக்கிரி சொல்லியிருந்தான். ஒரு சொட்டு வரவில்லை. அரசப்பன் வந்து சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டுப் பார்த்தார். "எறங்கணுமேம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எறங்கும்" என்றார். போகும்போது மறுபடியும், "எறங்கணுமே" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

மழை விட்ட பத்தாம் நாள் மதியம் சடையப்பன் தேவநாதனை அழைத்துக்கொண்டு வந்தார். தைக்கு இன்னும் நாள் இருந்தது, சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் என்றார். தேவநாதன் குடையை மடக்கி, அதன் முனையைத் தண்ணீருக்குள் விட்டுத் தரையைத் தட்டினார். இன்னொரு இடத்தில் தட்டினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே இறங்கி, பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"யாரு மிதிச்சது இத்த?"

"கமலாக்கா செட்டுங்க. நானுந்தான்" என்றாள் தெய்வநாயகி.

"அதானே பாத்தேன். ஊசி எறங்க எடமில்ல. சடையப்பா, எங்க அளத்துலயே எந்தப் பாத்தியும் இப்டி தண்ணி புடிச்சி நிக்காது. மார்கழி போவட்டும், இதுல உப்புத் தண்ணி உட்டா தரையில ஒரு சொட்டு வீணாவாது." அவர் மனசாரத்தான் புகழ்ந்தார். தண்ணீரிலிருந்து ஏறும்போது அவளைப் பார்த்து, "நல்ல வேலைக்காரிம்மா நீ" என்றும் சொன்னார்.

அவர்கள் போன பிறகும் தெய்வநாயகி அங்கேயே நின்றாள். அளத்தில் பாத்தியை ஏன் மிதிக்கிறார்கள் என்று பதினைந்து வருஷமாக அவளுக்குத் தெரியும். தண்ணீர் கீழே இறங்கக் கூடாது என்பதற்காகத்தான் மிதிக்கிறார்கள். பதமான மண்ணைக் கண்டால் மிதிக்க வேண்டும், மண்ணில் துளை தெரிந்தால் அடைக்க வேண்டும், தண்ணீர் நின்றால் வேலை சுத்தம். அது கால் கற்றது. பக்கிரியின் ஆணிகள் முன்னால் திறந்துகொண்டு போன ஒவ்வொரு துளையையும் எட்டு ஜோடிக் கால்கள் பின்னாலேயே வந்து அன்போடு அடைத்திருந்தன. அதில் ஒரு ஜோடி அவளுடையது. துளை எதற்கு என்று அவன் சொன்னதை ஊரில் யார் காதில் வாங்காவிட்டாலும் அவள் வாங்கியிருக்க வேண்டும். வாங்கித்தான் இருந்தாள். மிதித்த அன்றைக்கு அவள் மனசு எங்கே இருந்தது என்பதுதான் தெரியவில்லை.

இதை அவனிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான் என்று தோன்றியது. சொல்ல வேண்டும் என்று வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். வேகமாகவே நடந்தாள். பனைமர வரிசையைத் தாண்டும்போதுதான் வீட்டில் யாரும் இல்லை என்பது உறைத்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அது உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போதும் அழுகை வரவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு மட்டும் விட்டாள். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருத்தி, "இன்னா ஆச்சு?" என்று கேட்டபோது, "ஒண்ணுமில்ல, காலு பெசகிடுச்சி" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் கடப்பாரையோடு வயலில் இறங்கினாள். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். மேற்குக் கரையிலிருந்து நேராக நடுவுக்குப் போய்க் குத்த ஆரம்பித்தாள். மேல்தளம் அளத்துத் தரை மாதிரி கெட்டியாக இருந்தது. நாலு குத்துக்கு ஒரு முழம் இறங்கியது. ஆட்டி உருவியபோது உள்ளேயிருந்து காற்று குமிழ் குமிழாக வந்தது. அடுத்ததற்கு நகர்ந்தாள். எழுபது சென்ட்டுக்கு எத்தனை துளை என்று யோசிக்கவில்லை. யோசித்தால் கடப்பாரையை அங்கேயே போட்டுவிடத் தோன்றும்.

வெயில் ஏறுவதற்குள் சேதி போய், கமலாம்பாள் செட்டோடு வந்துவிட்டாள். வரப்பில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி, கண்ணாடியாட்டம் மிதிச்சிக் குடுத்தத குத்திக் கெடுக்குறியே, புத்தி கித்தி பெசகிடுச்சா?"

தெய்வநாயகி நிமிர்ந்தாள். பொய் ஏதாவது சொல்லலாம் என்றுதான் இரவெல்லாம் நினைத்திருந்தாள். உண்மைதான் வாயில் வந்தது.

"மிதிச்சிருக்கக் கூடாதுக்கா. தண்ணி எறங்கத்தான் அது ஓட்ட போட்டுது. நாம அடச்சிட்டோம்."

வரிசையில் கடைசியில் நின்ற விருத்தாம்பாள், "தண்ணி நின்னா நல்லதுன்னில்ல நெனச்சோம்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். கமலாம்பாள் வரப்பில் மெதுவாக உட்கார்ந்தாள். காலை நீட்டித் தன் பாதங்களைப் பார்த்தாள். வெடித்து, வெளுத்து, விரல் நுனியெல்லாம் தேய்ந்த பாதங்கள்.

"உங்க மேல தப்பில்லக்கா" என்றாள் தெய்வநாயகி. "நானுந்தான் மிதிச்சேன்."

"வாய மூடு" என்று சொல்லிவிட்டுக் கமலாம்பாள் எழுந்தாள். முந்தானையை உதறிச் செருகினாள். "போயி ஆளுக்கொரு கடப்பாரயோ கழியோ எடுத்தாங்கடி. நாமளே குத்தித் தொறந்து உடலாம்." தண்ணீரில் இறங்க ஒரு காலைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"எறங்குனா திரும்ப மிதிபடுமேடி" என்றாள்.

தூக்கிய காலை வரப்பில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். மற்றவர்களும் வரப்பின் விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்கள். ஒன்பது பேரும் என்ன செய்வது என்று தெரியாமல் தெய்வநாயகியைப் பார்த்தார்கள். அவள் குனிந்து தன்னைச் சுற்றிப் பார்த்தாள். குத்திய துளைகளிலிருந்து குமிழ்கள் ஒன்று, இரண்டு என்று இன்னும் வந்துகொண்டிருந்தன. எந்தப் பக்கம் போனாலும் எதையாவது மிதித்துக்கொண்டுதான் கரையேற வேண்டும். முன்னால் வைக்க எடுத்த காலைத் தண்ணீருக்கு மேலேயே பிடித்துக்கொண்டு, கடப்பாரையை ஊன்றியபடி, வயலின் நடுவே நின்றாள்.