நாற்பத்தெட்டு நிமிடப் பழுது

தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதில் மெக்கானிக்கின் கை ராசியானது என்று அந்தத் தெருவில் பேச்சு உண்டு. அவர் தொடங்கிய யூடியூப் சேனலுக்கோ அந்த ராசி ஒட்டவே இல்லை. ஈராண்டுகளாக அவர் ஏற்றிய காணொளிகள் யாவும் இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று நிமிடம். பழுது இன்னது, தீர்வு இன்னது என்று பட்டென்று உடைத்துச் சொல்லிவிடுவார். பார்க்க வந்தவர்களும் விடை கிடைத்ததும் பட்டென்று எழுந்து போய்விடுவார்கள்.

"டாக்டர் மாதிரி சீட்டு எழுதிக் குடுத்து அனுப்பிடுறீங்க," என்றாள், கேமராவைப் பிடிப்பவளும் படத்தைத் தொகுப்பவளுமான அவர் மனைவி. "ஒக்கார வெச்சுக் காட்டுங்க. என்ன பழுதுன்னு நீங்க தேடுறத முழுசாப் போடுவோம். முக்கால் மணி நேரம் ஓடட்டும்."

அவள் சொன்னதில் சூது ஏதும் இல்லை. தேடுவதை உள்ளபடி காட்டுங்கள் என்றுதான் சொன்னாள். தேடாததைத் தேடியதாகக் காட்டியது முழுக்க முழுக்க அவருடைய கைவரிசை.

அதற்கு வாய்த்தது தையற்காரம்மாவின் மோட்டாரில் ஓடும் பவர் மெஷின். அடுத்த தெருவில் தம் ஓரகத்தியுடன் சேர்ந்து கடை நடத்திவந்த அந்த அம்மா, தையல் விட்டுவிட்டு விழுகிறது என்று மெஷினின் தலைப்பகுதியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "பழைய ஊசி மழுங்கிடுச்சுன்னு காலையில நானேதான் புதுசு மாட்டுனேன் தம்பி. புது ஊசிக்கே இந்தக் கதி," என்று அலுத்துக்கொண்டு போனார்.

மெக்கானிக் ஒருமுறை குனிந்து பார்த்தார். அவ்வகை ஊசியின் மேற்பகுதி உருண்டையாக இருக்கும். எப்படித் திருப்பி மாட்டினாலும் உள்ளே போய்விடும். அதில் நூல் படியும் நீண்ட பள்ளம் இடப்புறம் பார்த்திருக்க வேண்டும். அதுவோ வலப்புறம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு திருகைத் தளர்த்தி, ஊசியைத் திருப்பி மாட்டினால் வேலை முடிந்தது. அரை நிமிடம்.

சொல்வதற்கு வாய் திறந்தார். எதிரே கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. சொல்ல வந்ததை மென்று விழுங்கினார்.

பிறகு அவர் அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றினார்; ஊசி நூலைப் பிடிக்கும் கொக்கியைக் கழற்றினார்; எண்ணெய் போகும் வழியை எல்லாம் துடைத்தார். முப்பதாவது நிமிடத்தில் ஆர்வம் தொய்வதுபோல் தோன்றவே, கேமராவை நிமிர்ந்து பார்த்து நாக்கில் நரம்பில்லாமல் ஒன்றைச் சொன்னார்: "யாரோ தொழில் தெரியாதவங்க துணியப் புடிச்சு இழுத்து இழுத்துத் தச்சிருக்காங்க. அதுல கொக்கியோட டைமிங்கே தள்ளிப் போயிருக்கு." யாரையும் மனத்தில் வைத்து அவர் அதைச் சொல்லவில்லை. கூட்டத்தைக் கட்டிப்போட ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். மனைவி பேட்டரி மாற்றத் திரும்பிய நேரத்தில் ஊசியைச் சத்தமில்லாமல் திருப்பி மாட்டினார்.

காணொளி நாற்பத்தெட்டு நிமிடம் ஓடியது. ஒரே மாதத்தில் சேனலின் கூட்டம் பத்து மடங்காயிற்று. "என்ன பொறுமை!" என்றும் "தொழில் பக்தி என்றால் இதுதான்" என்றும் கீழே எழுதினார்கள். மனைவி அவற்றை வாய்விட்டுப் படிக்கும்போதெல்லாம் அவருக்கு முதுகில் யாரோ குண்டூசியால் குத்துவதுபோல் இருந்தது. யாருக்கு என்ன நட்டம், மெஷினைத் துடைத்துத்தானே கொடுத்தோம் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார்.

அந்தத் தேறுதல், அடுத்த காணொளியில் நாலு வார்த்தை பேசும்படி தையற்காரம்மாவை அழைக்கப் போன நாள்வரைதான் நீடித்தது. கடையில் மெஷின்முன் அந்த அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். ஓரகத்தி மூலையில் ஒரு முக்காலியில் குனிந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவளிடமே ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் உண்டு என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். காணொளியைப் பார்த்தபின் அவர்கள் வேறு கடைக்குப் போகிறார்களாம். தாம் சொன்னது மெய்யாகிவிட்ட பெருமையில் தையற்காரம்மாவே அதைச் சொன்னார்.

"உங்க வீடியோவப் பாத்துதான் தம்பி எனக்கே கண் தெறந்துது. இவதான் துணிய இழுப்பா. எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன், இல்லவே இல்லைன்னு சாதிப்பா. நீங்க சொன்னதுக்கப்புறம் பேச்சே இல்ல. மெஷின்ல கைய வைக்காதன்னுட்டேன்."

ஓரகத்தி நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மெக்கானிக் வந்த காரியத்தைச் சொல்லாமலே, ஏதோ உளறிவிட்டுத் திரும்பினார்.

மாலையில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் மடிக்கணினியை மூடிவைத்தாள். "நான் நீளமாத்தான் கேட்டேன். பொய்யாக் கேக்கல," என்றாள்.

உண்மையை இன்னொரு காணொளியாகப் போட்டுவிடலாம் என்றார் அவர். சேனல் தொடங்கிய கதையில் ஆரம்பித்து, மெல்ல மெல்லக் கொண்டுவந்து, ஊசி விவகாரத்தைக் கடைசியில் உடைத்தால் பார்ப்பவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள் என்று கைகளை விரித்து விளக்கினார். மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். விரித்த கைகள் அந்தரத்தில் நின்றன. தாம் மறுபடியும் என்ன செய்யத் துணிந்தோம் என்பது உறைத்ததும் அவற்றை மடக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை கேமரா இல்லாமல் வெறுங்கையோடு தையல் கடைக்குப் போனார். ஊசியைப் பற்றியும், தாம் சொன்ன பொய்யைப் பற்றியும் இருவர் முன்னிலையிலும் ஒளிக்காமல் சொன்னார். தையற்காரம்மாவின் முகம் கருத்தது. ஊசியை மாட்டியது தாம்தான் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்; மெஷின் மேலிருந்த துணியைத் தேவையில்லாமல் மடித்து மடித்து வைத்தார்.

"இன்னைக்கே அந்த வீடியோவ எடுத்துடுறேம்மா," என்றார் மெக்கானிக், ஓரகத்தியைப் பார்த்து.

"எடுக்காதீங்கண்ணே," என்றாள் அவள். அவர் அவள் குரலைக் கேட்பது அதுவே முதல் தடவை. "எடுத்துட்டா, சொன்னது பொய்னு யாருக்குத் தெரியும்? எங்கம்மா வீட்லகூடப் பாத்துட்டாங்க. அது அங்கயே கெடக்கட்டும். இப்ப சொன்னத அதுக்கு மேலயே போடுங்க."

தன் கைப்பேசியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு நாம..."

அவள் பதிவை நிறுத்தினாள். "அதெல்லாம் வேணாம். விஷயத்தச் சொல்லுங்க."

சொன்னார். பழுது ஊசியில்தான் இருந்தது என்றும், பார்த்தவுடனே தெரிந்தும் மறைத்தேன் என்றும், துணியை யாரும் இழுக்கவில்லை என்றும், அது நான் கட்டிய பொய் என்றும் சொன்னார். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவள் பதிவின் நீளத்தைப் பார்த்தாள்.

"நாப்பது செகண்டு," என்றாள்.

அங்கே நின்றபடியே அதைத் தம் கைப்பேசிக்கு வாங்கிச் சேனலில் ஏற்றினார். அந்த நீண்ட காணொளியின் கீழே, எல்லாக் கருத்துகளுக்கும் மேலாக அதன் இணைப்பை நிறுத்தினார். அதுவரை அவள் அவர் பக்கத்திலிருந்து நகரவில்லை. தையற்காரம்மா மெஷினை விட்டு எழுந்து, வெளியே ஏதோ வேலை இருப்பதுபோல் வாசலுக்குப் போனார். "வா, ஒக்காரு" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஓரகத்தி மெஷின்முன் போய் உட்கார்ந்தாள். உடனே மிதிக்கவில்லை. முதலில் குனிந்து, ஊசியின் பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாள். மெக்கானிக் மன்னிப்பை எதிர்பார்த்து இன்னும் சற்று நேரம் நின்றார். மெஷின் ஓடத் தொடங்கியது. அந்த இரைச்சலில் இனிப் பேச்சுக்கு இடமில்லை என்று கண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.