வாயாடிக்குக் கிடைத்த இடம்

அந்தப் பள்ளியில், படிப்பை முடிக்கப்போகும் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்செய்வதற்கென்றே ஓர் ஆசிரியை இருந்தார். எந்தப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது, நுழைவுத் தேர்வுக்கு எதைப் படிப்பது, நேர்காணலில் கையை எங்கே வைத்துக்கொள்வது, எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய அறை வேதியியல் ஆய்வகத்தை ஒட்டியிருந்ததால் எந்நேரமும் அமில நெடி. “இந்த நாத்தத்தைத் தாங்கினவன் எந்தக் காலேஜையும் தாங்குவான்” என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள்.

அந்த ஆண்டு அவர் மனதில் ஒட்டிக்கொண்டவள், பள்ளி முழுக்க வாயாடி என்று பெயர் வாங்கியிருந்த பெண். தாயில்லாதவள். அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். கடல் உயிரினங்களைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரே பிடிவாதம்.

“உன்னோட பலவீனம் என்னன்னு கேப்பாங்க. என்ன சொல்வே?” என்று ஒத்திகையில் ஆசிரியை கேட்டார்.

“என் வாய்தான் மிஸ். பலம் என்னன்னு கேட்டாலும் அதேதான். ரெண்டு கேள்விக்கும் ஒரே பதில், அவங்களுக்கும் நேரம் மிச்சம்.”

ஆசிரியை முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தது. கடல் படிப்புக்குப் பேர்போன கல்லூரி நேர்காணலுக்கு அழைத்தது. ஆனால் அது ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் போகவேண்டிய தூரம். அழைப்பு வந்ததும் பெண் பின்வாங்கினாள். “உள்ளூர்லயே ஏதாவது சேர்ந்துக்கறேன் மிஸ். அப்பாவுக்குப் பேச்சுத் துணைக்கு வேற யாரு இருக்கா?”

அந்த வாரமே ஓட்டுநர் பள்ளிக்கு வந்தார். வேலை முடிந்து நேராக வந்தவர், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். குரல் கரகரத்தது.

“தொண்டையில கட்டி டீச்சர். முத்திப்போச்சாம். டாக்டர் கையை விரிச்சிட்டாரு.”

ஆசிரியை எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “பொண்ணுக்குத் தெரியுமா?”

“தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லிவெச்சிருக்கேன். உண்மையைச் சொன்னா அவ நகர மாட்டா. என் பக்கத்துலயே உக்காந்திருந்துட்டு, நான் போனப்புறம் நானும் இல்லாம படிப்பும் இல்லாம நிப்பா. நீங்க சொன்னா கேப்பா. எப்படியாவது அனுப்பி வெச்சிடுங்க.”

“அவகிட்ட மறைக்கறது சரியா?”

“சரியா தப்பான்னு எனக்குத் தெரியல டீச்சர். அவ போகணும். அவ்வளவுதான் தெரியுது.”

அன்று வீட்டில் கணவரிடம் சொன்னபோது, “நீ நடுவுல போகாதே, அப்பா மகள் விஷயம் அது” என்றார் அவர். ஆசிரியை கேட்கவில்லை. மறுநாள் பெண்ணைக் கூப்பிட்டு, “உங்கப்பா என்ன கைக்குழந்தையா? நான்தான் பார்த்தேனே, நல்லாத்தான் இருக்காரு. நீ போகலேன்னாதான் அவருக்கு வருத்தம்” என்றார். அந்தப் பொய் எவ்வளவு சரளமாக வந்தது என்று பிறகு அவருக்கே கூச்சமாக இருந்தது.

வாயாடி நேர்காணலுக்குப் போனாள். இடம் கிடைத்தது. அப்பாவே பெட்டியைத் தூக்கிவந்து ரயிலேற்றிவிட்டார்.

அதன்பிறகு ஆசிரியை அவ்வப்போது ஓட்டுநரைப் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஆள் இளைத்திருந்தார், குரல் தேய்ந்திருந்தது. “இப்பவாவது சொல்லிடுங்களேன்” என்பார் ஆசிரியை. “பரீட்சை முடியட்டும்” என்று மூச்சுக்காற்றாலேயே பதில் வரும். ஒரு பரீட்சை முடிந்தால் அடுத்த பரீட்சை. கடைசியில் அவர் மருத்துவமனையில் நினைவு தப்பிக் கிடந்தபோது ஆசிரியைதான் தொலைபேசியில் அழைத்தார். “உடனே கிளம்பி வாம்மா.”

பெண் வந்து சேர்ந்தபோது எல்லோரும் அவளுக்காகத்தான் காத்திருந்தார்கள், அடக்கத்துக்கு.

காரியமெல்லாம் ஓய்ந்து, கல்லூரிக்குத் திரும்புவதற்கு முன்னால் அவள் அந்த அமில நெடி அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மிஸ்?”

இம்முறை பொய் வரவில்லை. “தெரியும்மா.”

“நான் போறதுக்கு முன்னாடியே?”

“முன்னாடியே.”

அவள் கத்துவாள் என்று ஆசிரியை எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை.

“போன் பண்ணா ‘ம்’, ‘சரி’, ‘சாப்டியா’, அதுக்குமேல ஒரு வார்த்தை வராது. விட்டுட்டுப் போனதுல கோவம்னு நெனச்சேன். எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. போன் பண்றதையே கொறைச்சுட்டேன், லீவுக்கும் வரல.” மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “பேச முடியலேன்னு தெரிஞ்சிருந்தா நானே பேசிக்கிட்டு இருந்திருப்பேனே மிஸ். அவர் சும்மா கேட்டுக்கிட்டு இருந்தாப் போதுமே. எனக்குத்தான் அது வருமே.”

“உன் நல்லதுக்குன்னுதான்...” என்று தொடங்கிய ஆசிரியை மீதியை விழுங்கிக்கொண்டார். எழுந்துபோய் அவள் தோளைத் தொட்டார். அவள் விலகவில்லை. சாய்ந்துகொள்ளவும் இல்லை.

“அப்பாவோட சீருடை ரெண்டு செட் இருக்கு. டிப்போவுல திருப்பிக் குடுக்கணுமாம். எனக்கு மனசு வரல. நீங்க குடுத்துடறீங்களா?” என்று ஒரு பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆசிரியை பேருந்துப் பணிமனைக்குப் போனார். துணிகளை வாங்கிக்கொண்ட எழுத்தர், “நீங்க அவருக்குச் சொந்தமா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. பொண்ணோட டீச்சர்.”

“நல்ல மனுஷன். பொண்ணுக்குச் சீட்டு கிடைச்ச அன்னிக்கு டிப்போ முழுக்க இனிப்பு குடுத்தாரு. அப்பவே குரல் கம்மிப்போச்சு, பாதி சைகையிலயே எல்லார்கிட்டயும் சொன்னாரு.”

ஆசிரியை தலையாட்டிவிட்டு வெளியே வந்து, பேருந்துகள் கழுவும் இடத்தில் ஓரமாக நின்று அழுதார்.

வாயாடி படிப்பை முடித்துவிட்டதாக, அதே கல்லூரியில் சேர்ந்த வேறொரு மாணவன் மூலம் சேதி வந்தது. ஆசிரியை வாழ்த்து அனுப்பினார். “நன்றி மிஸ்” என்று மட்டும் பதில் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் போயிருக்கவே மாட்டாள் என்பது ஆசிரியைக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அது ஒருநாளும் அவருக்கு ஆறுதலாக இருந்ததில்லை.