திருகோணமலைக்கு மழை தரும் காற்று

“புள்ளித்திட்டத்தைக் காட்டுங்கோ, சேர்.”

கேட்டே விட்டாள் இரத்தினேஸ்வரி. கல்விக் கந்தோரின் பெரிய மேசைக்கு இந்தப் பக்கம் நின்றபடி, சொன்ன வணக்கத்தின் சூடு ஆறுமுன்னே கேட்டுவிட்டாள்.

இதை மட்டும் கேட்காதே என்று அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். கிண்ணியாப் பள்ளிக்கூடத்து அதிபர் ஹிஸ்புல்லா காலையில்கூட வாசல்வரை ஓடிவந்து சொன்னார்: “சுண்ணக்கட்டி கேளுங்க, கதிரை கேளுங்க, லீவு வேணுமெண்டாலும் கேளுங்க ரீச்சர். என்ன திட்டத்தில புள்ளி போட்டீங்க எண்டு மட்டும் அந்த மனிசனிட்ட வாயைத் திறந்திடாதீங்க.” இரண்டு வருடத்துக்கு முன் ஸெய்னுதீன் மாஸ்டர் வாயைத் திறந்தார். அடுத்த தவணை அவர் இலங்கைத்துறையில் இருந்தார். அங்கிருந்து அவர் வீட்டுக்கு வந்துசேர ஒரு நாள் போய்விடும். திரும்பிப்போக இன்னொரு நாள். சனியும் ஞாயிறும் அதிலேயே முடிந்துவிடும்.

வட்டாரக் கல்வி அதிகாரி கனகசுந்தரம் கெட்ட மனிதரல்ல. தேநீரும் அமைதியும் பிடித்த மனிதர். அமைதிக்குக் குறுக்கே யாராவது வந்தால்தான் அவருக்கு இடமாற்றக் கடிதம் ஞாபகத்துக்கு வரும்.

“இருங்கோ பிள்ளை” என்றார்.

“நிண்டுகொண்டே கேக்கிறன், சேர். இருந்தால் தேத்தண்ணி வந்திடும். தேத்தண்ணி வந்தால் கதை வேறை பக்கம் போயிடும்.”

ஓரத்து மேசையில் இருந்த தலைமை எழுதுவினைஞர் அருளம்பலம் இருமினார். சிரிப்பை மறைக்க அவர் வழக்கமாகச் செய்வது அது. பாவம், அவருக்குக் கைகள் இரண்டும் வேலையாக இருந்தன. ஆடி மாதத்துக் கச்சான் காற்று, வெந்து கிடந்த தரைமேல் புரண்டு, மேற்குச் சாளரத்தால் புழுதியோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. சங்கு, கல், பூட்டு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கடதாசிக் கட்டுகளின்மேல் தூக்கி வைத்திருந்தார். போதாததற்கு முழங்கையையும் ஊன்றியிருந்தார்.

இரத்தினேஸ்வரிக்குப் பின்னால் ஸாலிஹா நின்றாள். பதினாறு வயது. கிண்ணியாவில் இரத்தினேஸ்வரியின் மாணவி. மாவட்ட விஞ்ஞானத் தெரிவுப் பரீட்சையில் பன்னிரண்டாவதாக வந்தவள். முதல் பத்துப் பேருக்கு நகரத்தில் விடுதி. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க இடம். கிண்ணியாவில் உயர்தர விஞ்ஞானம் கிடையாது. ஆகவே பத்தாவதாக வந்தவர் விஞ்ஞானம் படிப்பார். பன்னிரண்டாவதாக வந்தவள் வீட்டில் இருப்பாள். இரண்டு புள்ளிதான் வித்தியாசம். பெயர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமைத் தபாலில் கொழும்புக்குப் போகிறது. இன்று வியாழன்.

“இவவுக்கு மற்றக் கேள்வியளுக்கெல்லாம் நல்ல புள்ளி, சேர். ஏழாம் கேள்விக்கு மட்டும் நாலு புள்ளிக்கும் முட்டை. அதேன் எண்டு எனக்குத் தெரியவேணும்.”

“புள்ளித்திட்டம் இரகசியம், பிள்ளை.”

“சோதினை முடிஞ்சுது. முடிவும் சுவரிலை ஒட்டியாச்சு. இனி ஆருக்கு இரகசியம்? சுவருக்கோ?”

கனகசுந்தரத்துக்கு முகம் சிவந்தது. “அருளம்பலம், அந்தச் சோதினைக் கோப்பை எடும். முறைப்படித்தான் நடந்திருக்கு எண்டு நான் பாத்துச் சொல்லிறன். இவைக்குக் காட்டத் தேவையில்லை.”

அருளம்பலம் கோப்பை எடுக்க முழங்கையைத் தூக்கினார். கச்சான் அதற்காகவே காத்திருந்தது போலப் பாய்ந்தது. கடதாசிகள் கிளம்பிச் சுழன்றன. ஒன்று கனகசுந்தரத்தின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. ஒன்று அலுமாரிக்கு மேல் ஏறியது. றோனியோ இயந்திரத்தில் படியெடுத்த நீளத் தாள் ஒன்று தரையோடு இழுபட்டுப் போய் ஸாலிஹாவின் செருப்பில் முட்டி நின்றது. நல்ல பிள்ளை, குனிந்து எடுத்தாள். படிக்கத் தெரிந்த பிள்ளை, படித்தும் விட்டாள்.

“ஏழாம் கேள்வி. திருகோணமலை மாவட்டத்துக்கு மிகுந்த மழையைக் கொண்டுவரும் காற்று எது? விளக்குக. விடை: தென்மேல் பருவக்காற்று. நாலு புள்ளி.”

கனகசுந்தரம் நெற்றியில் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்து எடுத்தார்.

“சேர்,” என்றாள் இரத்தினேஸ்வரி, “இப்ப உங்கட நெத்தியிலை தாளைக் கொண்டுவந்து ஒட்டினது என்ன காத்து?”

“கச்சான்.”

“கச்சான் எண்டால்?”

“தென்மேல்தான்.”

“மழை பெய்யுதோ?”

“மழையோ!” அருளம்பலம் தன்னை மறந்து சொன்னார். “என்ரை கிணறு வத்தி மூண்டு நாளாப் பக்கத்து வளவிலை தண்ணி அள்ளிறம்.”

“நீர் கடதாசியைப் பொறுக்கும், ஐசே” என்றார் கனகசுந்தரம். பிறகு இவளைப் பார்த்து, “திட்டம் கொழும்பிலையிருந்து வந்தது. பெரிய படிப்புப் படிச்ச ஆக்கள் போட்டது.”

“நானும் கொழும்பிலைதான் படிச்சனான், சேர். அங்கை வைகாசியிலை மழை பெய்தது. நல்லா நனைஞ்சும் இருக்கிறன். அதுக்காகச் சல்லியிலை வந்து என்ரை ஐயாவிட்டை, வைகாசியிலை கூரையை வேயுங்கோ எண்டு சொல்லேல்லையே.”

சல்லிதான் அவளுடைய ஊர். தகப்பன் தம்பையா கரைவலை இழுப்பவர். அந்தக் கரையில் பட்டம் எடுத்த முதல் ஆள் இவள். பட்டத்தோடு வந்த நாளிலிருந்து ஊரும் உலகமும் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது ஒரே ஒரு புத்திதான்: படிச்ச பிள்ளை, அடக்கமா இரு. படித்தபின் அடக்கமாக இருப்பதென்றால் படிக்காமலே இருந்திருக்கலாமே என்பது அவளுடைய நியாயம். அதை யாரும் கேட்கவில்லை. கேட்காததால் இன்னும் உரத்துச் சொன்னாள்.

“அந்தக் கரைக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கோ. நீர்கொழும்பு ஆக்கள் வள்ளங்களோடை வந்து வாடிக் கொட்டில் அடிச்சிருக்கினம். ஏன் வந்தவை? அவையின்ரை பக்கம் இப்ப மழை, கடலும் கொந்தளிப்பு. இஞ்சை கடல் குளம் மாதிரிக் கிடக்கு. ஒரே காத்துத்தான், சேர், அங்கை ஒரு குணம், இஞ்சை ஒரு குணம். அதைத் தெரிஞ்சுகொண்டு வந்தவைக்கு நாலு புள்ளி போடுவியளோ, முட்டை போடுவியளோ?”

கனகசுந்தரம் தாளை எட்டி வாங்கிப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். “அருளம்பலம், இதென்ன ஐசே? கேள்வியிலை எங்கடை மாவட்டத்தின்ரை பேர் எப்பிடி வந்தது?”

அருளம்பலம் மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். “எல்லா மாவட்டத்துக்கும் ஒரே வினாத்தாள்தான் சேர் வந்தது. இடைவெளி விட்டிருந்தது. மாவட்டத்தின்ரை பேரை அடிச்சு நிரப்பச் சொல்லிச்சினம். நிரப்பினன்.”

“திட்டத்திலை?”

“திட்டத்திலை விடையை மாத்தச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை, சேர். பேரை மட்டும்தான் மாத்தினன்.”

இரத்தினேஸ்வரிக்குக் கோபத்தோடு கோபமாகச் சிரிப்பும் வந்தது. விடைத்தாளைத் திருத்திய ஆசிரியர்கள் எல்லாரும் இந்த மாவட்டத்து ஆட்கள். மாரியில் அவர்களுடைய கூரையும் ஒழுகும். ஐப்பசியில் குடையைத் தேடி, மாசியில் சுருட்டி வைக்கிறவர்கள். அப்படியிருந்தும் சிவப்புப் பென்சிலை எடுத்துப் பிழை போட்டிருக்கிறார்கள்! நகரத்தில் அச்சடித்த குறிப்புகளை மனப்பாடம் பண்ணிய பிள்ளைகள் ‘தென்மேல்’ என்று எழுதிப் புள்ளி வாங்கிவிட்டார்கள். வானத்தைப் பார்த்து எழுதிய பிள்ளைகளுக்கு முட்டை.

“இவ என்ன எழுதினவ எண்டு கேளுங்கோ. ஸாலிஹா, சொல்லு.”

ஸாலிஹா கைகளைக் கட்டிக்கொண்டு, எழுதியதை எழுதியபடியே ஒப்புவித்தாள்: “வடகீழ் பருவக்காற்று. தென்மேல் காற்றும் கடலிலிருந்து நீராவியைக் கொண்டுதான் வருகிறது. ஆனால் மலைநாட்டில் ஏறும்போது அது குளிர்ந்து, நீராவி ஒடுங்கி, மலையின் அந்தப் பக்கத்திலேயே மழையாகிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது காற்று சூடாகிறது. எங்களிடம் வரும்போது உலர்ந்து வருகிறது. ஐப்பசி தொடக்கம் தை வரை வங்காள விரிகுடாவில் நீராவியை ஏற்றிக்கொண்டு நேரே எங்கள் கரைக்கு வரும் வடகீழ் காற்றே மழை தருகிறது. ஆதாரம்: கச்சான் காலத்தில் வாப்பாவின் சாரன் அரை மணித்தியாலத்தில் காய்கிறது. மாரியில் மூன்று நாள் செல்லும்.”

“சாரனையும் எழுதினனீரோ?” என்றார் கனகசுந்தரம்.

“ஆதாரம் எழுதவேணும் எண்டு ரீச்சர் சொன்னவங்க, சேர்.”

“கொழும்பிலை நிறைஞ்ச ஆளோடை வெளிக்கிட்ட பஸ்,” என்றாள் இரத்தினேஸ்வரி, “மலையிலை எல்லாரையும் இறக்கிப்போட்டு வெறும் பஸ்ஸா இஞ்சை வந்து நிக்குது. அதுதான் சேர் கச்சான். அந்த வெறும் பஸ்ஸுக்குத்தான் நீங்கள் நாலு புள்ளி குடுத்திருக்கிறியள்.”

கனகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு இது இரகசியமான விஷயமே அல்ல. இந்த ஊரில் பிறந்து, இந்த வெயிலில் கறுத்த மனிதர். குரலைத் தணித்தார்.

“சரி பிள்ளை. சண்டை வேண்டாம். ஒரு வழி செய்வம். இவவின்ரை தாளிலை கூட்டல் பிழை எண்டு எழுதி நாலு புள்ளியைப் போட்டு விடுறன். இரண்டு புள்ளிதானே குறைவு? பிள்ளை பட்டியலிலை ஏறியிடுவா. நீங்களும் நல்ல மனத்தோடை கிண்ணியாவுக்குப் போங்கோ. இதைப்பற்றி வெளியிலை மூச்சு விடப்பிடாது.”

ஸாலிஹாவின் முகம் அகல் ஏற்றியதுபோல் ஆயிற்று. இரத்தினேஸ்வரிக்கும் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. வென்றாயிற்று! பாதைப் படகு ஏறி, பஸ் ஏறி வந்தது இதற்குத்தானே.

ஆனால் வாய் கேட்காது. “மற்றப் பிள்ளையள், சேர்?”

“எந்த மற்றப் பிள்ளையள்?”

“வடகீழ் எண்டு எழுதின மற்றப் பிள்ளையள்.”

கனகசுந்தரம் அருளம்பலத்தைப் பார்த்தார். அருளம்பலம் புள்ளிப் பதிவைப் புரட்டி விரலால் எண்ணினார். “நூற்றி முப்பத்தெட்டுப் பேர் எழுதினவை. ஏழாம் கேள்விக்கு முட்டை எண்பத்தாறு பேருக்கு, சேர். மூதூரிலை அநேகமா எல்லாருக்கும்.”

“கேட்டியளோ?” கனகசுந்தரம் முன்னுக்குச் சாய்ந்தார். “எல்லாற்றையும் திருத்த வெளிக்கிட்டால் எண்பத்தாறு பேரும் மேலை வருவினம். இவவுக்கு மேலை நிக்கிறவையும் வடகீழ் எழுதியிருந்தால், அவையும் ஏறுவினம். இவ பத்துக்குள்ளை வரலாம், பன்னிரண்டாவதாயே நிண்டும் போகலாம். இப்ப கையிலை இருக்கிறது பிறகு இருக்காது. நான் நல்லதுக்குச் சொல்லிறன்.”

உண்மையைத்தான் சொன்னார். அதனால்தான் இரத்தினேஸ்வரிக்கு வலித்தது. தன்னுடைய நியாயத்துக்குத் தான் விலை கொடுக்கலாம். இந்தப் பிள்ளையின் படிப்பையா கொடுப்பது?

திரும்பினாள். “ஸாலிஹா, நீ சொல்லு. உன்ரை இடம்.”

ஸாலிஹா முக்காட்டு நுனியைச் சுருட்டினாள், விரித்தாள். “பயமா இரிக்கி, ரீச்சர்.”

“எனக்கும்தான்.”

“கூட்டல் பிழை எண்டு எழுதினா, நான் எழுதின விடை பிழை எண்டுதானே ரீச்சர் அப்பவும் இரிக்கும்?”

“ஓம்.”

“அது ஏலாது.” அவள் தலையை ஆட்டினாள். “அது சரியான விடை. என்ட தங்கச்சி அடுத்த வரிசம் எழுதப்போறா. அவ தென்மேல் எண்டு எழுதணுமா? எல்லாரையும் திருத்தட்டும். எட்டாம் கேள்விக்கும் ஒன்பதாம் கேள்விக்கும் எனக்கு முழுப் புள்ளி. மூதூர்ப் புள்ளையள் அங்க வந்து பாக்கட்டும்!”

அருளம்பலம் இந்த முறை இருமவில்லை. நேராகவே சிரித்தார்.

இரத்தினேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். மேசையில் கிடந்த வெள்ளைத் தாள் ஒன்றைத் தானே எடுத்தாள். கனகசுந்தரத்தின் பேனையையும் தானே எடுத்தாள். ஏழாம் கேள்விக்குத் தந்த விடை இந்த மாவட்டத்துக்குப் பிழை. எல்லா விடைத்தாள்களையும் மீளத் திருத்தவேண்டும். அதுவரை பட்டியலை அனுப்பக் கூடாது. மூன்றே வரி. தாழ்மை, பணிவு என்று ஒரு சொல்லும் இல்லை.

“கையெழுத்துப் போட்டால் அது கோப்பிலை ஏறும், பிள்ளை” என்றார் கனகசுந்தரம். “ஏறினால் நான் தட்டிக் கழிக்க ஏலாது. எல்லாத் தாளையும் அவிழ்க்கவேணும்.”

“அதுக்குத்தான் எழுதுறன்.”

“ஆர் செய்தது எண்டு மேலை கேப்பினம். வாற தவணை நீங்கள் கிண்ணியாவிலை இருக்கமாட்டியள்.”

“இலங்கைத்துறையோ, சேர்?”

அவர் மேசையிலிருந்த கடதாசிகளை அடுக்கத் தொடங்கினார்.

“நல்லது. ஸெய்னுதீன் மாஸ்டரோடை கதைக்க எனக்கும் விஷயம் இருக்கு. அங்கையும் மாரியிலைதானே மழை.” தாளின் அடியில், இடம் போதாமல் ஓரத்தில் ஏறும்வரை, முழுப்பெயரையும் எழுதினாள்: தம்பையா இரத்தினேஸ்வரி, விஞ்ஞானப் பட்டதாரி ஆசிரியை.

கனகசுந்தரம் தாளை இழுத்துக்கொள்ளக் கையை நீட்டுமுன் அருளம்பலம் எழுந்து வந்துவிட்டார். கையில் திகதி முத்திரை. மைப்பெட்டியில் ஒரு குத்து, கடிதத்தில் ஒரு குத்து. மேசை அதிர்ந்தது. “கிடைச்சது எண்டு பதிஞ்சாச்சு, சேர்” என்றார், பெரிய அப்பாவி போல.

“உம்மை நான் என்ன செய்யிறது, ஐசே!”

“பட்டியலை நிப்பாட்டி வைக்கச் சொல்லுங்கோ, சேர். நிப்பாட்டி வைக்கிறன்.”

கனகசுந்தரம் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் பெருமூச்சு விட்டுக் கைகளை விரித்தார். “பிள்ளை, இன்னும் நேரம் இருக்கு. பின்னேரம்வரை கடிதம் என்ரை மேசையிலைதான் கிடக்கும். தேத்தண்ணி வருது. குடிச்சுக்கொண்டு ஆறுதலா ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ…”

“யோசிச்சாச்சு, சேர்” என்றாள் இரத்தினேஸ்வரி. பேனையை மூடி அவர் முன்னால் வைத்தாள். கதிரையை எடுத்த இடத்தில் தள்ளிவிட்டு, ஸாலிஹாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த ஆளுக்கு வழிவிட்டு, வெளியே நடந்தாள்.